வாரத்துக்குப் பதினான்கு பை

மனிதர்கள் எந்தப் படத்தைக் கண்டால் விரலை நகர்த்தாமல் நின்று பார்க்கிறார்கள் என்று கண்டுபிடித்துச் சொன்னதற்காகச் சின்னவளுக்கு அலுவலகத்தில் ஒரு செடி பரிசு கொடுத்தார்கள். பிளாஸ்டிக் செடி. சுற்றுச்சூழலைக் காப்பாற்றுவதற்கென்றே ஆப் நடத்துகிற கம்பெனி அது. தண்ணீர் வேண்டாம், வெயில் வேண்டாம், உங்களைப் போலவே எப்போதும் பச்சையாக இருக்கும் என்று மேலாளர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். சின்னவளும் பல்லைக் காட்டி வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள்.

அவள் கண்டுபிடித்தது இதுதான். ஒருவர் துணிப்பையோடு கடைக்குப் போவது, காய்கறித் தோலை உரத்தொட்டியில் போடுவது மாதிரியான நல்ல படங்களை ஜனங்கள் இரண்டு விநாடி பார்க்கிறார்கள். ஒரு இதயத்தைத் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். பிரிக்காமல் கொட்டிய குப்பை, வழிந்து நிற்கும் தொட்டி மாதிரியான படங்களைப் பதினொரு விநாடி பார்க்கிறார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டே பார்க்கிறார்கள். பார்த்தது போதாதென்று நாலு பேருக்கு அனுப்புகிறார்கள். சீச்சீ என்று சொல்லக் கூட ஆள் வேண்டுமே! தெருவில் சாக்கடை உடைந்தால் கூட்டம் கூடுவதைப் பார்த்த எவரும் இதை இலவசமாகச் சொல்லியிருப்பார்கள். சின்னவள் இருபது பக்கத்தில் வரைபடத்தோடு எழுதிக் கொடுத்தாள்.

அந்த ஆப்பில் சிக்கலாக ஒன்றுமில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருப்பவர்கள் தாங்கள் செய்கிற நல்ல காரியங்களைப் படமெடுத்துப் போடலாம். குப்பையைப் பிரித்தேன், சொந்த டப்பாவில் சாப்பாடு வாங்கினேன், மாடிப்படியில் ஏறினேன். ஒவ்வொன்றுக்கும் ஓர் இலை கிடைக்கும். யாருடைய படத்தை யாருக்கு, எந்த நேரத்தில் காட்டுவது என்று தீர்மானிக்கிற இயந்திரத்தைப் பழக்குவதுதான் சின்னவளின் வேலை. அவள் திரையில் வீடுகள் எல்லாம் வெறும் எண் போட்ட புள்ளிகள். யார் யாரோடு பேசுகிறார்கள், யார் போடுவதை யார் விரும்புகிறார்கள் என்பதெல்லாம் புள்ளிகளுக்கு நடுவே கோடுகள். ஒவ்வொரு குடியிருப்பிலும் எல்லாக் கோடுகளும் வந்து சேருகிற ஒரு புள்ளி இருக்கும். அலுவலகத்தில் அதற்கு வேர் என்று பெயர். வேர் வீட்டைப் பற்றிய படம் எதுவானாலும் முதலில் மொத்தக் குடியிருப்புக்கும், பிறகு சுற்றியிருக்கிற குடியிருப்புகளுக்கும் போகும். வேர் செய்வதைப் பார்த்து மற்றவர்களும் செய்வார்கள் என்பது எண்ணம்.

அக்காவின் குடியிருப்புக்கு வேர் யார் என்று இயந்திரம் தேடுவதற்குள் சின்னவளே கையால் அக்காவை வைத்துவிட்டாள். அக்கா இருக்கிற இடத்தில் வேறு யாரை வைப்பது? நாற்பத்தெட்டு வீட்டிலும் அக்காவிடம் சாவி கொடுத்து வைக்காத வீடு கிடையாது. ஆனால் உண்மையான காரணம் அது மட்டுமில்லை. அத்தான் படுக்கையில் விழுந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டாம் மாடி உயரத்திலிருந்து லிஃப்ட் குழிக்குள் விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. வாயும் மூளையும் பழையபடி இருந்தன, அதுதான் கொடுமை என்று அவரே சொல்வார். அக்கா வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தாள். அவளை நாலு பேர் பாராட்டட்டும் என்று தங்கை மனசு ஆசைப்பட்டது.

நாலு மாதம் நன்றாகத்தான் நடந்தது. அக்கா பழைய சேலையில் பை தைத்துப் போட்டாள், இருநூறு இலை. தோலும் சக்கையும் போட்டு மண் ஆக்கிக் காட்டினாள், முந்நூறு இலை. போனில் பேசும்போதெல்லாம் அவள் குரலில் ஒரு துள்ளல் இருந்தது. சின்னவள் மட்டும் அந்த ஆப்பைத் தன் போனில் வைத்துக்கொள்ளவில்லை. ஓட்டல் சமையல்காரர் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டு வருவது மாதிரிதான் அது.

ஐந்தாம் மாதம் கம்பெனி அவளுடைய இருபது பக்கத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. இனிமேல் இதயம் முக்கியமில்லை, விநாடிதான் முக்கியம் என்று இயந்திரத்தை மாற்றச் சொன்னார்கள். மாற்றினாள். யாரும் யாருடைய குப்பையையும் படமெடுத்துப் போடலாம் என்று ஒரு புதுப் பொத்தான் வைத்தார்கள். படமெடுத்தவருக்கு மூன்று இலை. விநாடிகள் கிடுகிடுவென்று ஏறின. அப்போதுதான் அந்தப் பிளாஸ்டிக் செடி வந்தது.

அதற்கு ஏழு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை மதியம் மேலாளர் எல்லாரையும் கூட்டினார். எதற்கெடுத்தாலும் கை தட்டுகிறவர் என்பதால் அலுவலகத்தில் அவருக்குக் கைத்தட்டல் என்று பெயர். அன்றைக்குத் திரையில் ஒரு கோடு மட்டும் காட்டினார். மலையிலிருந்து விழுவது போல இறங்கிக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு வீடு," என்றார் கைத்தட்டல். "ஏழு வாரம் முன்னாடி வாரத்துக்குப் பதினாலு பை குப்பை. போன வாரம் எத்தனை தெரியுமா? மூணு! நம்ம ஆப் இல்லாம இது நடந்திருக்குமா? வெட்கம் வேலை செய்யுதுங்க. அருமையா வேலை செய்யுது." கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். "வெள்ளிக்கிழமை வெளியிலேருந்து பெரியவங்க வர்றாங்க. அந்த வீட்டுக்காரங்களை மேடையேத்திடலாம். யாரு, எங்கேன்னு பார்த்துச் சொல்லுங்க."

கடைசி வாக்கியம் சின்னவளுக்கு. அவள் இருக்கைக்குப் போய் எண்ணைத் தட்டினாள். குப்பைப் பையில் கதவு எண் ஒட்டித்தான் போட வேண்டும் என்பது எல்லாக் குடியிருப்புகளிலும் விதி. குப்பை அறைக் கருவி அதைப் படித்துத்தான் கணக்குச் சொல்லும். வந்து நின்றது அக்காவின் கதவு எண்.

முதலில் அவளுக்குப் பெருமையாக இருந்தது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அரை நிமிடம் அக்காவை மேடையில் நிற்க வைத்துப் பார்த்தாள், என்ன சேலை கட்டுவாள் என்று கூட யோசித்தாள். அப்புறம்தான் உறைத்தது. அந்தப் பதினான்கு பையில் பன்னிரண்டு அத்தானின் டயப்பர். பதினான்கு மூன்றானது எப்படி? அவர் தினம் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சிறுநீரில் கிருமி ஏறும் என்று டாக்டர் தலைதலையாக அடித்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை ஏறி, காய்ச்சலில் பிழைத்ததே பெரிய பாடு. இரண்டாம் தடவை வந்தால் கிட்னி தாங்காது என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். சின்னவள் அந்த வீட்டின் மேல் வந்த படங்களைத் திறந்தாள். முதல் படத்தைப் பார்த்ததுமே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அக்கா கதவை முழுதாகத் திறக்கவில்லை.

"என்னடி இந்த நேரத்துல? வேலை இல்லையா?"

"முதல்ல உள்ள விடு."

பட்டப்பகலில் ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. பினாயில் வாடைக்கு அடியில் இன்னொரு வாடை, பழைய மூத்திரத்தின் காரமான வாடை, மூக்கைப் பிடித்துக்கொண்டது. அத்தான் கட்டிலில் சாய்ந்திருந்தார். கன்னம் ஒட்டிப்போய், உதடு வெடித்து, ஓரத்தில் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. பக்கத்து ஸ்டூலில் தண்ணீர் டம்ளர் மூடி போட்டபடி இருந்தது.

"வாங்க பச்சை மேடம்," என்றார். அவளை எப்போதும் அப்படித்தான் கேலி செய்வார். குரல் மட்டும் தேய்ந்து வந்தது.

"இன்னைக்கு எவ்ளோ தண்ணி குடிச்சாரு?"

அக்கா சுவரைப் பார்த்தாள். "மாத்திரை போட ரெண்டு மடக்கு."

"மூணு லிட்டர்னு டாக்டர் சொன்னாரே!"

"அவரு சொல்வாரு," என்றார் அத்தான். "அவரா பையைத் தூக்கிட்டுக் கீழ போறாரு?"

அக்கா அழுகையை விழுங்கி விழுங்கிச் சொன்னாள். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. ஒவ்வொரு டயப்பரையும் செய்தித்தாளில் சுற்றி, சிவப்புக் குறி போட்டு, அதற்கான தொட்டியில்தான் போட்டு வந்தாள். யாரோ ஒரு நாள் பைகளை வரிசையாக வைத்துப் படமெடுத்து, ஒரே வீட்டில் இவ்வளவா என்று கேட்டிருந்தார்கள். அது மொத்தக் குடியிருப்புக்கும் போனது. பக்கத்து ஒன்பது குடியிருப்புக்கும் போனது. வேறு யாருடைய படமாவது இருந்தால் பத்துப் பேரோடு நின்றிருக்கும். அக்கா வேராயிற்றே! நல்லதோ கெட்டதோ, அவளைப் பற்றியதை எல்லாருக்கும் காட்டு என்று இயந்திரத்துக்குச் சொல்லி வைத்தது சின்னவள். அது சொன்னபடி செய்தது. மூன்று இலைக்கு ஆசைப்பட்டு மறுநாள் இன்னொருவர் எடுத்தார், அதற்கடுத்த நாள் இன்னொருவர். அக்கா பயந்துபோய் டயப்பரை விட்டுத் துணிக்கு மாறினாள். மாடியில் காயப்போட்ட துணியையும் படமெடுத்து, தண்ணீரை எப்படி வீணாக்குகிறார்கள் பாருங்கள் என்று போட்டார்கள். அவள் மறுபடி டயப்பருக்கே வர, அத்தான் தண்ணீரைக் குறைத்துக்கொண்டார்.

"ஆப்பை எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே!"

"எடுத்துட்டேன்டி. என் போன்லதான் எடுக்க முடியும். மத்தவங்க போன்ல நான் இருக்கேனே, அதை எப்படி எடுக்கறது?"

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீதான சேர்த்துவிட்ட. உன் கம்பெனி. நான் ஏதாவது பேசி உன் வேலைக்கு ஆபத்து வந்துட்டா?"

சின்னவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அத்தான் போனை நீட்டினார். பொழுது போகாமல் அவர் அத்தனையையும் படித்திருந்தார். மனப்பாடமாகவே சொன்னார். "‘மனுஷங்களா, மாட்டுக்கொட்டகையா?’ன்னு ஒருத்தன். ‘இப்படி ஒருத்தர் படுத்துக்கிடக்கறதால பூமிக்கு எவ்ளோ பாரம், யோசிச்சுப் பாருங்க’ன்னு ஒரு அம்மா. அந்த அம்மா பேருக்குப் பக்கத்துல ஐநூறு இலை. யாருன்னு தெரியுமா? ஏழாவது மாடி. லிஃப்ட்ல மாட்டிக்கிட்டு ஓன்னு அழுதுச்சே, நான்தான் கதவை நெம்பி இறக்கிவிட்டேன்."

"அத்தான், அவங்க கிடக்கறாங்க. நீங்க குடிங்க." டம்ளரை எடுத்து நீட்டினாள்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "குடிச்சா வெளிய வரும்மா. வந்தா பையாகும். பையை உங்க அக்காதான் தூக்கணும். அவ முக்காட்டைப் போட்டுக்கிட்டு திருடி மாதிரி இறங்கிப் போறா. அதைப் பார்க்கறதுக்கு வறண்டு போறது எவ்வளவோ மேல்."

அவரை யாரும் வற்புறுத்திப் பயனில்லை. அந்த நேரத்தில்தான், மணி நான்கு அடிக்க, மூன்றாம் மாடி நர்ஸம்மா வந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். குடியிருப்பில் யாருக்கு ஊசி போட வேண்டும், யாருக்குப் புண் கட்ட வேண்டும் என்றாலும் அவர்தான். கூப்பிட்ட குரலுக்கு வருவார், ஒரு டீ கொடுத்தால் போதும். தினமும் நான்கு மணிக்கு வந்து அத்தானைத் திருப்பிப் படுக்க வைத்து, முதுகைத் துடைத்து, புண் வராமல் பார்த்துக்கொள்வது அவர்தான். அக்காவால் தனியாக அந்த உடம்பைத் திருப்ப முடியாது.

நர்ஸம்மா அத்தானின் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய இடம் அப்படியே நின்றது.

"இங்க பாருங்க, நான் டாக்டர்கிட்ட பேசிட்டேன். இன்னும் ரெண்டு நாள் இப்படியே போனா கிட்னி நின்னுடும்னு சொல்லிட்டாரு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள குடிக்கலைன்னா உங்களைக் கேக்காமயே ஆம்புலன்ஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. ஸ்ட்ரெச்சர்ல போறதையும் படம் எடுக்கட்டும். போற வழியிலேயே போய்ச் சேர்ந்துடறேன்."

"வாயைக் கழுவுங்க," என்று அதட்டினார் நர்ஸம்மா. ஆனால் வெளியே வந்ததும் சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டார். "விளையாட்டு இல்லம்மா இது. சொன்னா செய்வாரு அந்த மனுஷன். ஏதாவது பண்ணு."

சின்னவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். அத்தான் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்த மெஷினுக்குத் தினம் யாராவது ஒரு ஆளு வேணுமா?"

"ஆமா அத்தான்."

"அப்போ வேற யாரையாவது காட்டச் சொல்லேன்." சிரிக்கத்தான் பார்த்தார். வெடித்த உதடு விடவில்லை. "ஒரு பத்து நாளைக்கு. என்னை மறந்துட்டாங்கன்னா நான் ஆறா குடிப்பேன்."

சின்னவள் சமையலறைக்குப் போய்க் கைத்தட்டலுக்குப் போன் செய்தாள். சார், அந்த வீடு என் அக்கா வீடு, அங்கே ஒரு உயிர் போய்க்கொண்டிருக்கிறது, அந்தக் குடியிருப்பையே ஆப்பிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றாள். எதிர்முனையில் ஒரு பெருமூச்சு கேட்டது.

"ஐயோ, கேக்கவே கஷ்டமா இருக்கு. உங்க அக்காவா? மனசு என்னமோ பண்ணுது." என்றார் கைத்தட்டல். "ஆனா வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்தக் குடியிருப்பை மட்டும் தொடாதீங்க. வர்றவங்களுக்கு அதைத்தான் காட்டப் போறோம். ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன், அந்த மூணு பை கணக்கு நிஜம்தானே?"

சின்னவள் போனை வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவும் தொட்டியில் துப்பினாள்.

அப்புறம் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்தாள். அக்காவின் படங்களை அழித்தாள். இருபத்தாறு படம். அழிக்க அழிக்க, அன்றைக்கு மதியம் யாரோ எடுத்த இருபத்தேழாவது வந்து நின்றது. இலையும் வேண்டாம் கிளையும் வேண்டாம், வேரையே பிடுங்கிவிடலாம் என்று அக்காவின் எண்ணை எடுத்தாள். வேர் இல்லாமல் சேமிக்க முடியாது என்றது திரை. பூட்டிக்கிடக்கிற ஒரு வீட்டை வைத்துப் பார்த்தாள். கையால் வைக்கும் உரிமை உங்களுக்கு இல்லை என்றது. இருந்ததுதான். போன மாதம் பிடுங்கிவிட்டார்கள். ஊழியர்கள் தங்கள் சொந்தக்காரர்களை வேராக வைத்துவிடுகிறார்கள், அது கணக்கைக் கெடுக்கிறது என்று ஒருவர் குறிப்பு எழுதியிருந்தார். அக்காவை வைத்து முடித்த பிறகு, நல்ல பெயர் வாங்குவதற்காக அதை எழுதியவள் சின்னவளேதான்.

எடுக்க மட்டும்தான் அவளால் முடியும். எடுத்தால், அதிகக் கோடுகள் உள்ள அடுத்த வீடு தானாக வேர் ஆகும், தொடரலாமா என்று திரை கேட்டது. அடுத்த வீட்டின் எண்ணையும் கீழே காட்டியது. மூன்றாம் மாடி, இரண்டாம் கதவு.

நாற்பத்தெட்டு வீட்டுக்கும் ஊசி போடுகிறவருக்குக் கோடுகள் இல்லாமல் வேறு யாருக்கு இருக்கும்?

சின்னவள் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். நர்ஸம்மா திடமான மனுஷி, நாலு பேர் பேசுவதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். அவர் வீட்டில் அப்படி என்ன குப்பை இருக்கப் போகிறது, ஒண்டிக்கட்டை. ஆப்பை அவர் பார்ப்பதே இல்லை. வெள்ளிக்கிழமை முடிந்ததும் எல்லாவற்றையும் சரி செய்துவிடலாம். இப்படி நியாயம் தேட மனசுக்கு ஒரு நிமிடம் கூட வேண்டியிருக்கவில்லை. கேட்காமலேயே அவை வரிசையாக வந்து நின்றன. உள்ளே அத்தான் இருமினார். ஈரமே இல்லாத இருமல். அவள் பொத்தானை அழுத்தினாள்.

அன்றைக்கு அவள் அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டாள். மறுநாள் லீவு சொன்னாள். காலை முழுக்க அத்தான் இரண்டு மடக்கோடு நிறுத்திக்கொண்டார். அக்கா கெஞ்சினாள், திட்டினாள், தானும் குடிக்க மாட்டேன் என்று உட்கார்ந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். டயப்பரில் இருந்த கொஞ்சநஞ்சமும் டீ நிறத்தில் இருந்தது.

குப்பை அறையை மதியம் இரண்டு மணிக்குத் திறப்பார்கள். ஐந்து மணிக்கு வண்டி வரும். இரண்டரைக்கு அத்தானின் போன் ஒரு தடவை சிணுங்கியது. எடுத்துப் பார்த்தார். சின்னவள் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள், அவளுக்கும் தெரிந்தது. ஒரு வாளி. அதில் ரத்தம் தோய்ந்த பஞ்சு, மஞ்சள் சீழ் பட்ட கட்டுத்துணி, கையுறைகள், மருந்து பாட்டில்கள். கதவு எண் பளிச்சென்று தெரிந்தது. குடியிருப்பில் பாதிப் பேரின் புண் அது. தங்கள் புண்ணைக் கட்டிக்கொண்டு போனவர்களே கீழே எழுதியிருந்தார்கள். ‘இது வீடா, ஆஸ்பத்திரிக் குப்பைத்தொட்டியா?’ ‘இந்தக் கையாலதான் எல்லார் வீட்டுக்கும் வர்றாங்களா?’ ‘உவ்வே.’ பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது.

அத்தான் விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். தன் வீட்டு எண்ணைத் தேடினார். எங்கேயும் இல்லை. மறுபடி அந்த வாளிக்கே வந்தார். கதவு எண்ணைப் பார்த்தார், நிமிர்ந்து சின்னவளைப் பார்த்தார். போனைத் தலையணைக்கு அடியில் செருகினார்.

"தண்ணி கொடு," என்றார்.

ஒரே மூச்சில் குடித்தார். கழுத்தெல்லாம் வழிந்தது. இன்னொன்று கேட்டார். மூன்றாவது டம்ளரை அக்காவே கொண்டு வந்து கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பால் அவர் வாயைத் துடைத்து, அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "நல்ல புத்தி வந்துச்சே, போதும், போதும்." அத்தானும் அழுதார். அக்கா அது சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டாள். சின்னவளுக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதி உடம்பெங்கும் இறங்குவதை உணர்ந்ததும் தன் மேலேயே அவளுக்கு அப்படி ஓர் அருவருப்பு வந்தது. எந்தக் குப்பை அறையிலும் அப்படி ஒன்று அவள் மூக்கில் ஏறியதில்லை. ஆனாலும் போய் ஜக்கை நிரப்பிக்கொண்டு வந்தாள்.

நான்கு மணிக்கு நர்ஸம்மா வந்தார். வந்ததும் ஜக்கைத்தான் பார்த்தார்.

"யாரு குடிச்சது? நீங்களா, இந்த அம்மா கீழ கொட்டிட்டாங்களா?"

"அவரேதான்!" என்றாள் அக்கா. "ஆறு டம்ளர்!"

"அப்படிப் போடு! நான் ஆம்புலன்ஸ் நம்பரைக் கையில எழுதிக்கிட்டு வந்தேன்." நிஜமாகவே உள்ளங்கையைக் காட்டிச் சிரித்தார். அத்தான் சிரிக்கவில்லை. அவர் கண் ஜன்னல் பக்கம் போய்விட்டது.

நர்ஸம்மாவின் பையில் போன் விட்டு விட்டு அதிர்ந்துகொண்டிருந்தது.

"மத்தியானத்துலேருந்து இது உயிரை எடுக்குது. கண்ணாடியை மேலயே விட்டுட்டு வந்துட்டேன். என்னன்னு கொஞ்சம் பாரும்மா."

சின்னவள் வாங்கிப் பார்த்தாள். நூற்று எழுபது பேர் எழுதியிருந்தார்கள். மேலே இருந்தது ஏழாவது மாடி அம்மா.

"ஒண்ணுமில்ல. விளம்பரம்," என்றாள். போனை அணைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"தொலையட்டும். வா, நீ காலைப் பிடி."

நர்ஸம்மா ஒன்று, இரண்டு என்று எண்ணினார். மூன்றில் அத்தானைப் புரட்டினார்கள். நர்ஸம்மா டயப்பரைக் கழற்றி, கையில் தூக்கிக் கனம் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "நல்லா நனைஞ்சிருக்கு! நிறத்தைப் பாருங்க, வெளுத்துடுச்சு." குழந்தை பிறந்த செய்தியைப் போல அக்காவிடம் காட்டினார். முதுகைத் துடைத்தார், பவுடர் போட்டார், புதியதை மாட்டினார். அத்தான் சுவரைப் பார்த்தபடியே கிடந்தார்.

முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்து நர்ஸம்மா சொன்னார்: "அந்தப் பையைக் கட்டிக் கொடு. நான் கீழதான் போறேன், போட்டுடறேன். உங்க அக்கா இன்னைக்கு ஒரு நாளாவது இறங்காம இருக்கட்டும்."

குப்பை அறை வாசலில் அந்த நேரத்துக்கு எப்படியும் பத்துப் பேர் நிற்பார்கள். எல்லார் கையிலும் போன் இருக்கும். வேண்டாம், நானே போடுகிறேன் என்று சொல்லச் சின்னவள் வாயைத் திறந்தாள். அத்தான் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

அவள் பையின் வாயை இறுக்கி, இரண்டு முடிச்சுப் போட்டு, நர்ஸம்மாவின் கையில் கொடுத்தாள்.